பாண்டிய நாட்டில் பாப்பரசரின் தூதர்

பாண்டிய நாடும் கடல் கடந்த உறவுகளும் – 17

காயல் துறைமுகத்தில் குதிரைகள் இறங்குவதோடு சென்ற அத்தியாயம் முடிந்தது. கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரை, ஒன்றுக்கு 220 தினார், வழியில் செத்தாலும் பாண்டியன் விலை கொடுத்துவிட வேண்டும் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் எழுதிவைத்த கணக்கைப் பார்த்தோம். அதே பாரசீக வளைகுடாப் பக்கத்திலிருந்து, அதே மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், விற்பதற்கு எதுவும் இல்லாத ஒரு மனிதர் நம் கரையில் வந்து இறங்கினார். அவர் பெயர் ஜான், ஊர் இத்தாலியின் மாண்டிகார்வினோ. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. அவர் மடியில் இருந்தவை பாப்பரசர் நான்காம் நிக்கோலஸ் எழுதிக் கொடுத்த கடிதங்கள்.

தமிழ்நாட்டுக்கும் ரோமாபுரிக்கும் உள்ள உறவை எழுத வருபவர்கள் பெரும்பாலும் முத்துக்குளித்துறையில் பரதவர் மதம் மாறியதிலிருந்து தொடங்குவார்கள். 1542இல் சவேரியார், 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்று அந்த வரிசை போகும். மாண்டிகார்வினோ ஜான் வந்தது நோபிலிக்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் முன்னால். போர்ச்சுக்கீசியர் கடலுக்கே வராத காலம். பதின்மூன்று மாதம் இங்கே இருந்தார். இவ்வளவு பழைய தொடர்பு ஏன் வேர்விடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. விடை இவரிடம் இல்லை. இவரை அனுப்பியவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

அனுப்பியவரின் இயற்பெயர் ஜிரோலாமோ. 1227இல் இத்தாலியின் அஸ்கோலி ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர். அசிசி பிரான்சிஸ் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிரான்சிஸ் தொடங்கிய சபையில் சேர்ந்து, 1272இல் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூது போய், 1274இல் பொனவெந்தூருக்குப் பிறகு சபையின் தலைவரே ஆனார். பிறகு கர்தினால். கிழக்கு நாடுகளின் அரசியல், கிரேக்கத் திருச்சபையோடு உள்ள பிணக்கு, மங்கோலியர் நோக்கம் எல்லாம் நேரில் பேசித் தெரிந்தவர் என்பதால் ரோமில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

அவர் பாப்பரசர் ஆன கதை தனிச்சுவை உள்ளது. 1287 ஏப்ரலில் நான்காம் ஹொனோரியுஸ் இறந்தார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ரோமின் அவந்தீன் குன்றில் சாந்தா சபீனா கோயிலில் கர்தினால்கள் கூடினார்கள். கூடியவர்கள் முடிவெடுப்பதற்குள் கோடை வந்துவிட்டது. கோடையோடு ரோமாபுரியின் விஷக் காய்ச்சலும் வந்தது. கர்தினால்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஜிரோலாமோ மட்டும் நகரவில்லை. வேகிற கோடையிலும் அறைதோறும் நெருப்பு மூட்டி வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார் என்பார்கள். கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது, நெருப்பு காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அன்றைய மருத்துவம். காற்று சுத்தமானதோ இல்லையோ, புகைக்குக் கொசு வராமல் இருந்திருக்கும். அடுத்த பிப்ரவரியில் மற்றவர்கள் திரும்பி வந்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள். வேண்டாம் என்று மறுத்தார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் தேர்ந்தெடுக்க, 1288 பிப்ரவரி 22இல் ஒப்புக்கொண்டார். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து அந்த இருக்கைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

இந்த இடைவெளியில்தான் கிழக்கிலிருந்து ஒரு முதியவர் ரோமாபுரிக்கு வந்து சேர்ந்திருந்தார். பெயர் ராப்பான் பார் சவ்மா. இன்றைய பெய்ஜிங் பக்கத்தில் பிறந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவத் துறவி. பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய மன்னன் அர்கூன் அனுப்பிய தூதர். சேர்ந்து படையெடுத்து எகிப்தின் மம்லூக் சுல்தானிடமிருந்து எருசலேமை மீட்கலாம் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. பதில் சொல்லப் பாப்பரசர் இல்லை. பார் சவ்மா பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு மன்னனைப் பார்த்தார். கஸ்கோனியில் இங்கிலாந்து மன்னன் எட்வர்டைப் பார்த்தார். திரும்பி வந்தபோது ஜிரோலாமோ நான்காம் நிக்கோலஸாக உட்கார்ந்திருந்தார். 1288 குருத்தோலை ஞாயிறன்று பாப்பரசர் கையால் பார் சவ்மா நற்கருணை வாங்கினார். பெய்ஜிங் பக்கத்துக்காரருக்கு ரோமில் பாப்பரசரே நற்கருணை கொடுத்த அந்த நாளை மத்திய காலத்தின் பெரிய நாட்களில் ஒன்றாக நான் வைப்பேன்.

அடுத்த ஆண்டு மாண்டிகார்வினோ ஜான் கிழக்கிலிருந்து திரும்பி வந்து, மங்கோலியர் நாட்டில் மறைப்பணிக்கு இடம் இருக்கிறது என்று சொன்னார். நிக்கோலஸ் அவரையே கடிதங்களோடு திரும்ப அனுப்பினார். அர்கூனுக்கு ஒன்று, சீனத்தை ஆண்ட குப்ளாய் கானுக்கு ஒன்று, ஆர்மீனிய மன்னனுக்கு ஒன்று, யாக்கோபிய முதுபெரும் தந்தைக்கு ஒன்று. மதுரையிலிருந்த பாண்டியனுக்கு ஒன்றும் இல்லை. கொல்லத்திலிருந்து நெல்லூர்வரை கடற்கரையைக் கையில் வைத்திருந்த மன்னன், 1279இல் சோழரின் கதையை முடித்தவன், பாரசீகமும் சீனமும் மதித்து வணிகம் செய்த அரசன் ரோமாபுரியின் முகவரிப் பட்டியலில் இல்லை. பாப்பரசரின் கண் எருசலேம் மேல் இருந்தது. அதற்கு உதவக்கூடியவர்கள் மங்கோலியர்கள். பாண்டியனிடம் முத்து இருந்தது, மிளகுக் கரை இருந்தது. எகிப்தை அடிக்கும் படை இல்லை.

ஆனால் ஜான் சீனத்துக்குத் தரைவழியாகப் போகவில்லை. 1291இல் தப்ரீஸ் நகரத்திலிருந்து தெற்கே இறங்கி, கடல் ஏறி, நம் பக்கம் வந்தார். கூட வந்தவர்கள் இருவர்: பிஸ்தோயா ஊர் நிக்கோலஸ் என்ற தோமினிக்கன் துறவி, லுக்காலோங்கோ பீட்டர் என்ற வணிகர். துறவிகளோடு ஒரு வணிகரும் வந்தார் என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருங்கோட்டையான ஆக்கர் விழுந்தது. ஆகஸ்டில் நான்காம் நிக்கோலஸ், எகிப்தோடு எந்தக் கிறிஸ்தவனும் வணிகம் செய்யக் கூடாது என்று தடை போட்டார். நம் கடற்கரை மிளகும் முத்தும் செங்கடல் வழியாக எகிப்து போய்த்தான் வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. எகிப்தை விட்டால் பாரசீக வளைகுடா, தப்ரீஸ் என்ற இன்னொரு வழிதான். ஆக, பாப்பரசர் பாண்டியனுக்கு ஒரு வரி எழுதாவிட்டாலும் அவர் ரோமில் போட்ட உத்தரவு காயல் துறைமுகத்துச் சரக்கைத் தொட்டது. அந்தத் தடையை இத்தாலிய வணிகர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பது வேறு விஷயம். லாபம் வருகிற இடத்தில் சாபத்துக்குப் பயப்படுகிற வணிகர் எந்த நாட்டிலும் குறைவு.

பதின்மூன்று மாதங்களில் ஜான் பல ஊர்களில் சுமார் நூறு பேருக்குத் திருமுழுக்கு கொடுத்தார். தோமையார் கோயிலில் தங்கினார். கூட வந்த நிக்கோலஸ் இங்கேயே இறந்து, அந்தக் கோயிலிலேயே புதைக்கப்பட்டார். இவற்றை ஜான் பின்னால் 1305இல் சீனத்திலிருந்து எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அந்தக் கோயில் மயிலாப்பூர் என்பதே பொதுவான கருத்து. அந்தக் கரையும் அப்போது பாண்டியர் ஆதிக்கத்துக்கு உட்பட்டதுதான்.

இங்கிருந்தபோதே அவர் எழுதிய இன்னொரு கடிதம் உண்டு. அரபு வணிகர்கள் நம் சோழமண்டல, பாண்டியக் கரைக்கு வைத்த மாபார் என்ற பெயரோடு, டிசம்பர் 22 என்று நாள் இட்டது. தோமினிக்கன் துறவி ஒருவர் அதைப் படியெடுத்து இன்னொரு துறவிக்கு அனுப்பியதால் பிழைத்துக் கிடந்தது. சமய சமாச்சாரம் அதில் அதிகம் இல்லை. ஊர் எப்படி, தண்ணீர் எப்படி, காற்று எப்போது எந்தப் பக்கம் வீசும் என்பதுதான் நிறைய. மதுரைப் பக்கத்து ஆள் யாரும் அதைப் படித்தால் பாதி ஊர் கண்ணில் தெரியும்.

வீடுகள் மண்ணால் கட்டி, ஓலை வேய்ந்தவை என்கிறார். குன்றுகள் குறைவு. ஊற்று இல்லை, கிணறு நிறைய, ஏனென்றால் இரண்டு மூன்று தப்படி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது, போக்கு காணும் என்று சொந்த அனுபவம் போலவே எழுதுகிறார். அதனால் சனங்கள் குளம் வெட்டி மழைத் தண்ணீரைத் தேக்கி, அதைத்தான் குடிக்கிறார்களாம். வயலுக்குக் கண்மாய், குடிக்க ஊருணி என்று இன்றும் பிரித்துப் பேசுகிற மதுரை, மேலூர், சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு அவர் பார்த்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஊருணியில் கால் நனைக்கக்கூட விடாத கட்டுப்பாடு சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது.

குதிரை மன்னனிடமும் பெரிய மனிதர்களிடமும் மட்டும்தான் உண்டு என்கிறார். சென்ற வாரம் பார்த்த விலைக்கு வேறு யார் வாங்க முடியும்? மாட்டை வணங்குகிறார்கள், தின்பதில்லை. ஈ குறைவு, தெள்ளுப்பூச்சி அறவே இல்லை என்று சந்தோஷப்படுகிறார். ஐரோப்பிய மடங்களின் படுக்கைகளில் புரண்டவருக்கு அது பெரிய விஷயமாக இருந்திருக்கும். பனை ஓலையில் எழுதுகிறார்கள். பிணத்தை வாத்தியத்தோடு கொண்டுபோய் எரிக்கிறார்கள். ஊர்களில் பயமில்லாமல் நடமாடலாம், கொள்ளைக்காரர்கள் குறைவு. ஆனால் சுங்கம் கட்டித் தீராது. தரையில் உட்கார்ந்து, கரண்டி இல்லாமல், முழுக் கையையும் விட்டுப் பிசைந்து சோறு தின்கிறார்களே என்று முகம் சுளிக்கிறார். அதை மிருகத்தோடு ஒப்பிடவும் செய்கிறார். முள்கரண்டி அவர் காலத்து ஐரோப்பாவிலும் பெரிதாகப் புழக்கத்தில் இல்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய அதே சமயத்தில் இந்தக் கரை வழியாகப் போன மார்க்கோ போலோவோ, இங்குள்ளவர்கள் வலக்கையால்தான் உண்பார்கள், பாத்திரத்தை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள் என்று வியந்து எழுதினார். வணிகன் கண்ணுக்குச் சுத்தமாகப் பட்டது துறவி கண்ணுக்கு அசுத்தமாகப் பட்டிருக்கிறது.

ஜான் மதுரைக்கு வந்து குலசேகர பாண்டியனைச் சந்தித்தார் என்று எழுதினால் இந்த அத்தியாயம் இன்னும் சுவையாக இருக்கும். அதற்கு ஆதாரம் கிடையாது. அவர் எழுத்தில் மதுரை என்ற ஊர்ப் பெயரோ அரண்மனைச் சந்திப்போ இல்லை. அரசனிடம் கொடுக்கக் கடிதம் இல்லாத தூதர் எந்த வாசலில் போய் நிற்பார்? அதே மன்னனின் அவையில் தகியுத்தீன் என்ற முஸ்லிம் வணிகர் அமைச்சராக இருந்தார். மதுரை காஜிமார் தெருப் பள்ளிவாசலுக்கு நிலம் கொடுத்தது குலசேகர பாண்டியன் என்று அந்தப் பள்ளிவாசல் மரபு சொல்கிறது. பாண்டியர் சபையில் அயல் மதத்தவருக்கு இடம் இருந்தது. குதிரையும் கப்பலும் கையிலிருந்தவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது. ரோமாபுரியிடம் இந்தக் கடலில் ஒரு தோணிகூட இல்லை.

அடுத்து நடந்ததெல்லாம் சாவுக் கணக்கு. அர்கூன் 1291 மார்ச்சிலேயே இறந்துவிட்டான். நான்காம் நிக்கோலஸ் 1292 ஏப்ரல் 4இல் ரோமில் இறந்தார். மாபார் பற்றிய கடிதம் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. அவருக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பாப்பரசர் இருக்கையே காலி. கர்தினால் குடும்பங்கள், குறிப்பாக நிக்கோலஸ் ஏற்றிவிட்ட கொலோன்னா குடும்பமும் அவர்களின் எதிரிகளும், அடித்துக்கொண்டிருந்தார்கள். ஜான் மயிலாப்பூர்க் கரையிலிருந்து கப்பல் ஏறிச் சீனம் போய்ச் சேர்ந்த 1294இல் குப்ளாயும் கண்ணை மூடியிருந்தான். செத்துப்போன பாப்பரசர் செத்துப்போன சக்கரவர்த்திக்கு எழுதிய கடிதத்தைக் குப்ளாயின் பேரனிடம் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக ரோமிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்று 1305 கடிதத்தில் புலம்புகிறார். அந்தக் கடிதத்திலேயே இன்னொன்றும் எழுதினார்: இனி வருபவர்கள் இந்தியக் கடல்வழியாக வர வேண்டாம், அது நீண்டது, ஆபத்தானது, இரண்டு ஆண்டு பிடிக்கும், வடக்கே தார்த்தாரியர் நாட்டுத் தரைவழி பாதுகாப்பானது. அதுவரை பாண்டிய நாட்டைக் கண்ணால் பார்த்த ஒரே பாப்பரசர் தூதரின் பரிந்துரை இது. தமிழ்க்கரை ரோமாபுரியின் வழிப்படத்திலிருந்து நழுவியதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகும் ஒரு முயற்சி நடந்தது. மதுரையில் அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. குலசேகரனை 1310இல் அவன் மகன் சுந்தர பாண்டியனே கொன்றான் என்கிறார் வாசாஃப். 1311இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூரின் படை மதுரைக்குள் வந்தது. பிறகு மதுரை டில்லிக்குக் கட்டுப்பட்ட மாகாணம் ஆனது. அப்போது பாப்பரசர்கள் ரோமிலேயே இல்லை. பிரான்சின் அவிஞ்ஞோனில் இருந்தார்கள். அங்கே 1316 முதல் 1334 வரை இருந்த 22ஆம் ஜான், கணக்கு வழக்கில் கெட்டி. கஜானாவை நிரப்பினார், வறுமை பற்றி அதிகம் பேசிய பிரான்சிஸ்கன்களோடு கடைசிவரை மல்லுக்கு நின்றார், தாமஸ் அக்வினாஸுக்கு 1323இல் புனிதர் பட்டம் கொடுத்தார். நமக்கு வேண்டியது 1329 ஆகஸ்டு. அந்த மாதத்தில் கொல்லத்தில் ஒரு மறைமாவட்டத்தை நிறுவி, ஜோர்தான் கத்தலானி என்ற தோமினிக்கன் துறவியை அதற்கு ஆயராக நியமித்தார். இந்தியாவின் முதல் லத்தீன் மறைமாவட்டம் அது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் வைக்காமல் அந்தப் பக்கம் வைத்ததில் அவிஞ்ஞோனுக்கு இருந்த விவரம் தெரிகிறது. கொல்லத்தில் மிளகு இருந்தது, பழைய சிரியக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். மதுரைச் சமவெளியில் போர்தான் இருந்தது. ஜோர்தான் எழுதிய வியப்புகளின் நூலில் பாண்டிய, ஈழக் கடலின் முத்துக்குளிப்பு வருகிறது. மூன்று மாதத்துக்கு 8,000 படகுகளுக்கு மேல் ஒன்றாகக் கடலில் நிற்கும் என்கிறார். எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கரையில் நின்று பார்த்தவனுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். 22ஆம் ஜான் 1334 டிசம்பரில் இறந்தார். அதையொட்டிய காலத்தில் மதுரையில் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா டில்லியை உதறிவிட்டுத் தனி சுல்தான் ஆனார். அடுத்த பாப்பரசர் அனுப்பிய மரிஞ்ஞோலி, சீனம் போய்த் திரும்பும் வழியில் 1348இல் கொல்லத்தில் இறங்கினார், மயிலாப்பூரையும் பார்த்தார். மதுரை சுல்தான்களைப் பற்றி விரிவாக எழுதும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதை அவருக்குச் சில ஆண்டுகள் முன்னால் வந்து, அந்தச் சுல்தான் வீட்டிலேயே பெண் எடுத்திருந்த இபின் பதூதா செய்துவிட்டார். அதைத் தனியாகவே பார்ப்போம்.

நிக்கோலஸ் விட்டுப்போனவை ரோமில் நன்றாகவே இருக்கின்றன. சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அவர் ஜாக்கோப்போ தொரித்தியைக் கொண்டு செய்வித்த மொசைக், மரியன்னைக்கு மகுடம் சூட்டும் காட்சி, இன்றும் மின்னுகிறது. அதே கோயிலில்தான் அவர் கல்லறை. அதை 1574இல் எழுப்பியவரும் ஒரு பிரான்சிஸ்கன் கர்தினால். பின்னாளில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற பாப்பரசர் ஆனவர். 2025 ஏப்ரலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். அசிசி பிரான்சிஸின் சபையிலிருந்து வந்த முதல் பாப்பரசரும், பிரான்சிஸ் என்ற பெயரை முதன்முதலில் வைத்துக்கொண்ட இயேசு சபைப் பாப்பரசரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறார்கள். மதுரை மிஷனை நடத்தியது இயேசு சபை என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அந்தக் கூரையின் கீழ் இன்னொருவரும் இருக்கிறார்: ஐந்தாம் பவுல். நோபிலி மதுரையில் காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, குடுமியும் பூணூலும் தரித்தவர்களை அப்படியே திருச்சபையில் சேர்க்கலாம் என்று வாதாடியபோது, அந்த வழக்கு ரோமில் இவர் மேசைக்குத்தான் போனது. இவர் காலத்தில் தீரவில்லை. 1623 ஜனவரி 31இல் 15ஆம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். மதுரை என்ற ஊருக்காக ஒரு பாப்பரசர் உட்கார்ந்து யோசித்தார் என்றால் அது அந்த வழக்கில்தான். நான்காம் நிக்கோலஸ் ஜானைக் கிழக்கே அனுப்பி 334 ஆண்டுகள் கழித்து.

கொல்லத்துக்கு 1329இல் கிடைத்த மறைமாவட்டம் மதுரைக்கு 1938 ஜனவரி 8இல்தான் கிடைத்தது. 1953இல் அது உயர்மறைமாவட்டம் ஆனது. கீழவெளி வீதியில் இருக்கும் தூய மரியன்னை பேராலயம் அதன் தலைமைக் கோயில். நோபிலியின் பூணூல் வழக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். காஜிமார் தெரு மரபு பற்றியோ, தங்கள் ஊர் ஊருணிக் கட்டுப்பாடுகள் பற்றியோ வாசகர்களிடம் பழைய ஆவணம் ஏதும் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு நகல் அனுப்புங்கள். மூலத்தை அனுப்ப வேண்டாம்.